தனிவீடு கட்டும் காலம்

தமிழ்நாட்டு வழக்கில் தனிவீடு கட்டும் காலம் என்பது வானம் (அடித்தளக் குழி) தோண்டும் நாளிலிருந்து பால் காய்ச்சிக் குடிபோகும் நாள் வரையான இடைவெளி. 1,000 முதல் 1,500 சதுர அடி வரையுள்ள தரைத்தள வீட்டுக்கு ஏழெட்டு மாதமும், மேலே ஒரு மாடியும் சேர்ந்தால் பத்து முதல் பன்னிரண்டு மாதமும் ஆவது இயல்பு. ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் ‘ஆறே மாதம்’ பொய்க் கணக்கு அல்ல. மழை குறுக்கிடாமல், பணம் தட்டாமல், ஆள் நிற்காமல், வீட்டுக்காரர் மனம் மாறாமல் இருந்தால் ஆறு மாதத்தில் முடியும். நான்கும் ஒருசேரக் கூடிவருவதுதான் அபூர்வம்.

தாமதம் என்றதும் கொத்தனாரின் சோம்பல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் நின்றுபோன கட்டடங்களைப் பார்த்தால், வேலை நடந்த நாட்களில் காலம் அதிகம் வீணாகியிருக்காது. கொத்தனார் முடித்துத் தச்சர் வருவதற்குள்ளும், தச்சர் முடித்து எலக்ட்ரீஷியன் வருவதற்குள்ளும் யாரும் இல்லாமல் பூட்டிக் கிடந்த நாட்கள்தாம் மாதங்களாகச் சேர்ந்திருக்கும்.

அனுமதியும் ஆவணமும்

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை ஒரே அளவையும் ஒரே எல்லையையும் காட்ட வேண்டும். பத்திரத்தில் ஓர் அளவும் பட்டாவில் வேறோர் அளவும் இருந்தால் சர்வேயரை அழைத்து அளந்து சரிசெய்ய வேண்டும்; அது வீட்டுக்காரர் கையில் இல்லாத காலம். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. அதன்பின் 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. மனை வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று பாராமல் வாங்கியவர்கள் கட்டட அனுமதியின்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

கட்டடத்தின் உயரம், நாற்புறமும் விட வேண்டிய இடம், தளப்பரப்பு ஆகியவற்றைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வரையறுக்கிறது. சிறு வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை அறிமுகமானது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோர் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். வாரக்கணக்கில் அலைந்த வேலை இதனால் குறைந்துள்ளது. ஆனால் சொன்னது சரி என்ற பொறுப்பு விண்ணப்பித்தவர் தலையில் ஏறிவிட்டது.

போர் போடுவதும் தற்காலிக மின் இணைப்பு வாங்குவதும் வானம் தோண்டுமுன் முடிய வேண்டியவை. தண்ணீர் லாரியை நம்பித் தொடங்கிய வேலை, லாரி வராத அன்று நிற்கும்.

நாளும் மாதமும்

வாஸ்து புருஷன் கண்விழிப்பதாக நம்பப்படும் எட்டு நாட்கள் பஞ்சாங்கத்தில் உண்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களில் வாஸ்து நாளே இல்லை. விழித்திருக்கும் நேரம் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதைப் பல் துலக்கல், நீராடல், பூஜை, உணவு, தாம்பூலம் என்று ஐந்தாகப் பிரித்து, கடைசி இரண்டு பகுதிகளான 36 நிமிடத்துக்குள் ஈசானிய மூலையில் பூஜை போட்டு முதல் மண்வெட்டி விழ வேண்டும் என்பது முறை. அந்த 36 நிமிடத்தைத் தவறவிடாத குடும்பங்கள் பல, பூஜைக்கும் உண்மையில் வேலை தொடங்குவதற்கும் இடையே பல வாரங்களை விட்டுவிடுகின்றன. வரைபடம் இறுதியாகாமலும் ஒப்பந்தக்காரர் முடிவாகாமலும் நாள் மட்டும் பார்த்ததன் விளைவு இது.

குடிபோகும் நாளுக்கும் இதே கணக்கு உண்டு. கார்த்திகையில் முடிய வேண்டிய வீடு பத்து நாள் தள்ளினால் மார்கழியைத் தாண்டித் தையில்தான் நாள் கிடைக்கும். பத்து நாள் தாமதம் ஒன்றரை மாதமாகிவிடுகிறது. அதற்கு அஞ்சி, வண்ணம் பூசாத சுவருக்கு நடுவே பால் காய்ச்சிவிட்டுப் பழைய வாடகை வீட்டுக்கே திரும்புவோரும் உண்டு. ஆனால் கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டுக்கு மிச்ச வேலைக்காரர்களைத் திரும்ப அழைத்து வருவது எளிதல்ல. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அப்போது வானத்தில் தண்ணீர் தேங்கும், செங்கல் சூளைகள் ஓயும், கல் விலை ஏறும். தை 12 அல்லது மாசி 22இல் தொடங்கி, ஆடிக்குள் கூரைத்தளம் போட்டு, ஐப்பசி மழையில் கூரைக்குக் கீழ் உள்வேலை பார்ப்பது பெரும்பாலான மாவட்டங்களுக்குப் பொருந்தும் திட்டம். தென்மேற்குப் பருவமழையும் பெறும் கன்னியாகுமரிக்கும் நீலகிரிக்கும் இது அப்படியே ஒத்துவராது.

கான்கிரீட் கேட்கும் நாட்கள்

எத்தனை ஆள் போட்டாலும் குறைக்க முடியாத நாட்கள் கான்கிரீட்டுக்கு உரியவை. சிமெண்ட் இறுகிக் கல்லாவது காய்வதால் அல்ல, நீருடன் வினைபுரிவதால். எனவே ஈரம் வற்றாமல் நீராற்ற வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 456 நெறிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு (ஓபிசி) குறைந்தது 7 நாளும், வறண்ட வெயிலில் 10 நாளும் நீராற்ற வேண்டும். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு இன்னும் கூடுதல் நாட்கள். வீடு கட்ட இன்று அதிகம் புழங்குவது பிபிசிதான் என்பதை அவசரப்படுவோர் மறந்துவிடுகிறார்கள். கான்கிரீட்டின் வலிமை 28 நாளில் அளவிடப்படுகிறது.

தளம் போடும் நாள் வீட்டின் தனி நாள். விடியலிலேயே மிக்சர் வந்து நிற்கும். ஜல்லியும் எம்-சாண்டும் தெருவில் குவிந்திருக்கும். அதற்கு முந்தைய நாளே கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைத்தாயிற்றா, மின்விசிறிப் பெட்டிகளும் வயர் போகும் குழாய்களும் கம்பிகளுக்கிடையே கட்டியாயிற்றா, குளியலறைத் தளம் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பொறியாளர் பார்த்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வராததால் தளம் தள்ளிப்போவது அடிக்கடி நடப்பது. அவர் வராமலே தளம் போட்டுவிட்டால் பின்னர் உடைத்துக் குழாய் புதைக்க வேண்டும். போட்ட மறுநாள் தளத்தின் மேல் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். தூண்களுக்குக் கோணிச்சாக்கு சுற்றி நனைப்பார்கள்.

முட்டு பிரிக்கும் நாளில்தான் தகராறு வரும். சென்டரிங் பலகையும் ஜாக்கியும் வாடகைப் பொருள். அடுத்த இடத்தில் ஆள் காத்திருப்பார். ஐஎஸ் 456 சொல்வது: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள உத்திரத்துக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது ஓபிசிக்கான குறைந்தபட்சம். பிபிசிக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த நாட்கள் வீணாக வேண்டியதில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, தச்சு வேலை ஆகியவற்றை இடையில் முடிப்பவர்தான் தேர்ந்த மேஸ்திரி.

கரிசல் மண்ணில் அடித்தளத்துக்கே கூடுதல் காலம் ஆகும். ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் அந்த மண்ணுக்கு ஆழ அடித்தளமோ, கீழே குமிழ் விரிந்த பைல்களோ தேவைப்படலாம். மண்பரிசோதனைக்குச் செலவிட மறுத்து, வானம் தோண்டியபின் வடிவமைப்பை மாற்றுவது எல்லா வகையிலும் நட்டம்.

சுவர் முதல் வண்ணம் வரை

கடைக்கால் முதல் பிளிந்த் பீம் வரை ஒன்று முதல் ஒன்றரை மாதம், அங்கிருந்து லிண்டல் தாண்டிக் கூரை வரை இன்னொரு ஒன்றரை மாதம் எனக் கண்முன்னே வீடு எழும்பும். அதைப் பார்த்து மகிழ்ந்த உறவினர் அடுத்த மாதமே பத்திரிகை அடிக்கலாம் என்பார்கள். உண்மையில் அப்போது பாதிக் காலம்தான் ஆகியிருக்கும். பூச்சு, வயரிங், பிளம்பிங், டைல்ஸ், கதவு ஜன்னல், வண்ணம் என்று மீதிப் பாதியில் ஆறேழு வகைத் தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பிந்துவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் தடை அதற்கும் முன்பே, நிலைவாசலில் வரும். நிலை வைக்க நாள் குறித்து, பூஜைக்குச் சொந்தம் கூடியிருக்கும்; தச்சர் நிலையை இழைத்து முடித்திருக்க மாட்டார். நிலை நிற்காமல் அந்தச் சுவர் ஏறாது. வானம் தோண்டும்போதே தேக்கு வாங்கித் தச்சரிடம் கொடுத்துவிடுவது இதற்குப் பழைய, எளிய மருந்து.

பூச்சு உலர ஏறக்குறைய நான்கு வாரம் விட வேண்டும். ஈரச்சுவரில் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் உப்புப் பூத்து உரியும். மறுபடி சுரண்டி அடிக்கும் காலம் காத்திருந்ததைவிட அதிகம். டைல்ஸ், குழாய், சுவிட்சு, சமையல் மேடைக் கல் ஆகியவற்றின் தேர்வைப் பூச்சு தொடங்குமுன் எழுத்தில் முடிக்காத வீடுகளில் வேலையாள் இருந்தும் வேலை நிற்கும். சமையல் மேடையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினால் குழாய், வடிகால், மின்புள்ளி மூன்றும் மாறும். வரைபடத்தில் இதற்கு ஒரு ரப்பர் போதும். பூசிய சுவரில் மூன்று ஆட்கள் வேண்டும்.

வேகத்துக்கான புது வழிகளும் உள்ளன. காற்றூட்டிய கான்கிரீட்டாலான ஏஏசி கற்கள் அளவில் பெரியவை, எடையில் குறைந்தவை. சுவர் விரைவில் எழும். சென்னை ஐஐடி வளாகத்தில் 2021இல் த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடி வீட்டை முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கிக் காட்டியது. ஆனால் இவை மிச்சப்படுத்துவது சுவரின் காலத்தை; உள்வேலைகளின் வரிசை அப்படியே இருக்கிறது.

ஆளும் பொருளும்

கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுவோர் ஆகியோரில் இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர் கணிசமானோர். தீபாவளி, பொங்கலுக்கு உள்ளூர் ஆட்களும், ஹோலி, சத் பூஜை, தேர்தல் காலங்களில் வடமாநிலத்தவரும் ஊர் போவார்கள். அட்டவணை போடுபவர் இரண்டு நாட்காட்டிகளையும் பார்க்க வேண்டும். 2020 ஊரடங்கில் பல கட்டடங்கள் பாதியில் நின்றதற்கு ஆள் திரும்பாததும் ஒரு காரணம்.

ஆற்று மணல் தட்டுப்பாட்டால் எம்-சாண்ட் பொதுவானபின், வேலை கிரஷர்களை நம்பி நிற்கிறது. 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்துக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சிறு வீடுகளும் ஜல்லியின்றி நின்றன. இரண்டு வாரத் தேவைக்கு இருப்பு வைக்க மனையில் இடமிருந்தால் நல்லது. சிமெண்டை மட்டும் அவ்வாறு மாதக்கணக்கில் அடுக்கக் கூடாது, ஈரக்காற்றில் கட்டிதட்டும்.

பணமும் ஒப்பந்தமும்

சனிக்கிழமை கூலி தவறினால் திங்களன்று ஆள் வராது. வங்கிக் கடனோ ஒரே தவணையில் வராது. அடித்தளம், கூரை, பூச்சு என்று வேலை எழும்ப எழும்ப மதிப்பீட்டாளர் வந்து பார்த்தபின் விடுவிக்கப்படும். ஒப்பந்தக்காரர் வேலைக்கு முன் பணம் கேட்பார், வங்கி வேலைக்குப் பின் தரும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதியைச் சொந்தப் பணமாக முதலில் இறக்கச் சொல்வதே வங்கிகளின் வழக்கம். ஒரு கட்ட வேலைக்கான தொகை கையிருப்பில் இல்லாமல் தொடங்கிய வீடு ஒவ்வொரு தவணைக்கும் நிற்கும்.

சதுர அடிக் கணக்கில் பொருளும் சேர்த்து விடுவது, கூலி மட்டும் பேசும் லேபர் கான்ட்ராக்ட், நாள் சம்பளம் என மூன்று முறைகள் உண்டு. எதுவானாலும் முன்பணத்தைச் சுருக்கி, முடித்த கட்டத்துக்குப் பின் தருவதாக எழுதிக்கொள்வது பாதுகாப்பு. முன்னதாகவே பெரும்பணம் வாங்கியவர், அதில் வேறொரு மனையில் வேலை தொடங்கிவிடுவது தொழிலில் பழகிப்போன ஒன்று. கடைசித் தவணை கணிசமாக இருந்தால்தான் சுவிட்சுப் பலகையும் குழாய் மூடியும் பொருத்த ஆள் வருவார்.

ரியல் எஸ்டேட் சட்டம், 2016 விற்பனைக்கான திட்டங்களின் தாமதத்துக்கே பொருந்தும். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டும் வீடு பொதுவாக அதற்குள் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்று வரையறுப்பதால், பாதியில் விட்டுப்போனவர் மீது மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். அதற்கு எழுதிய ஒப்பந்தமும் பணம் கொடுத்த ரசீதும் வேண்டும். தாமதத்தை வருமான வரிச் சட்டமும் கணக்கில் வைக்கிறது. பழைய வரிமுறையில், கடன் வாங்கிய நிதியாண்டின் இறுதியிலிருந்து 5 ஆண்டுக்குள் வீடு முடிந்தால் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு; அதைத் தாண்டினால் அது 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும்.