கஞ்சமலையும் கடலும்: கப்பல் கட்டும் தொழிலில் உள்நாட்டின் பங்கு

நம் ஊரின் தறியும் முறுக்கும் திருவிழாவும் இம்மலரைக் கையில் எடுப்போர் எல்லாரும் அறிந்தவை; அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்கு வெகு தொலைவில், சேலம் மாவட்டத்தில் இருக்கும் நம் ஆட்டையாம்பட்டிக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் என்ன உறவு என்று கேட்போர்க்கு விடை சொல்வதே என் வேலை. கப்பல் கரையில் உருவாகிறது. அதற்கான மரமும் இரும்பும் பாய்த்துணியும் முதலீடும் பெரும்பாலும் உள்நாட்டிலிருந்தே செல்கின்றன. ஆதலால் கப்பல் கட்டும் தொழிலில் உள்நாட்டாருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை உணராமல் பொருளை மட்டும் அனுப்பிய காலங்களில் நாம் இழந்தது மிகுதி.

முதல் தடையைத் திருவள்ளுவரைக் காட்டியே எழுப்பலாம். இடனறிதல் அதிகாரத்தில், பெருந்தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்கிறார் அவர். அப்படியானால் நிலத்தார் நிலத்தோடு நிற்பதுதானே முறை என்று வாதிடலாம். ஆனால் அங்கே பேசப்படுவது களமறிந்து செயல்படும் வினைத்திட்பம். தொழிலுக்கு எல்லை வகுப்பது வள்ளுவர் கருத்தன்று. மேலும் நாவாய் தன் வாழ்வின் முதற்பகுதியை நிலத்திலேதான் கழிக்கிறது. ஓடாவிகள் எனப்படும் கப்பல் தச்சர்கள் முதலில் அடிமரமான ஏராக்கட்டையைத் தரையில் கிடத்துகிறார்கள். அதன்மேல் விலாமரங்களை நிறுத்திப் பலகை சேர்க்கிறார்கள். நீர் புகாதபடி இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடிக்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகே தண்ணீர். நம் முன்னோர் இத்தொழிலை ஏட்டிலும் எழுதி வைத்தனர். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் பதிப்பித்த ‘கப்பல் சாத்திரம்’ மரத்தேர்வையும் அளவுகளையும் நன்னாளையும் நற்குறி தீக்குறிகளையும் கூறுகிறது. வீடு கட்ட மனையடி சாத்திரம் பார்ப்பது போலவே, கப்பல் கட்டுவதையும் தெய்வத்தை முன்னிறுத்தித் தொடங்க வேண்டிய செயலாகவே தமிழர் கருதினர் என்பதற்கு இச்சுவடி போதுமான சான்று. பூம்புகாரை அடுத்த கீழையூரில் தொல்லியல் துறை அகழ்ந்த செங்கற் படகுத்துறையையும் அதன் மரத்தூண்களையும் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டு செல்கின்றனர். அத்துறையில் நின்ற படகுகளுக்குப் பின்னால் காவிரிக் கரை முழுவதும் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தடை வடமொழி நூலொன்றிலிருந்து வரும். போசராசன் பெயரால் வழங்கும் ‘யுக்திகல்பதரு’, கடற்கலத்தின் அடிப்பலகைகளை இரும்பால் பிணைக்கலாகாது, கடலிலுள்ள காந்தப் பாறை அதை இழுத்துவிடும் என்று எச்சரிக்கிறது. கயிற்றால் தைத்த கலங்களே நம் கடல்களில் நெடுங்காலம் ஓடின என்பதும் உண்மை. அப்படியானால் இரும்பு நாட்டாருக்கு அங்கே என்ன வேலை? வாய்ச்சி, உளி, இழைப்புளி, துளையிடும் துரப்பணம் எல்லாம் இரும்பு. அவையின்றி ஒரு பலகையையும் தைக்க முடியாது. சித்தேசுவரர் திருவருள் விளங்கும் நம் கஞ்சமலையின் தாதுவோ மாக்னடைட், அதாவது காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது. நூலாசிரியர் கடலில் கண்டு அஞ்சிய காந்தக்கல்லை இறைவன் நம் வாயிலில் மலையாகவே வைத்திருக்கிறான். அதை உருக்கி உளியாக்கத் தெரிந்த கொல்லர்கள் மலையைச் சூழ்ந்த சமவெளியெங்கும் வாழ்ந்தனர்.

அந்தத் தாது கடற்கரைக்குப் போன வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாது ஆற்றுவழியே அங்கே இறங்கியது. நாட்டுக் கொல்லரின் சிற்றுலைகளுக்குப் பதிலாக ஐரோப்பிய முறையில் பெரிய உலை எழுந்தது. கடற்கரை இருந்தது, இரும்பு இருந்தது, தச்சரும் கொல்லரும் இருந்தனர். ஆயினும் அங்கே இரும்புக் கப்பல் ஒன்றும் எழவில்லை. உருக்கிய இரும்பு மூலப்பொருளாக இங்கிலாந்துக்குச் சென்றது. உலைக்கு வேண்டிய மரக்கரி நாளுக்கு நாள் அரிதாயிற்று, காடுகள் குறைந்தன, அந்நூற்றாண்டிலேயே தொழில் அவிந்தது. நிலக்கரி இல்லாத நாட்டில் அவ்வாலை எப்படியும் நின்றிருக்காது என்று சிலர் கூறுவர். எரிபொருளைப் பற்றிய மட்டில் அது சரி. ஆயினும் தாதுவும் காடும் தந்த ஊர்களுக்கு ஆலையின் போக்கில் ஒரு சொல்லும் இல்லாமல் போனதை அவ்விடை விளக்காது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய ‘திரிங்கோமலை’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. நம் நாட்டு மரத்தின் வலிமைக்கும் நம் தச்சர் கைக்கும் அதைவிட வேறு சான்று வேண்டா. குறைந்தது திறனன்று, உரிமை.

அந்த உரிமையை மீட்க முனைந்தவர் வ.உ.சிதம்பரனார். 1906-இல் தூத்துக்குடியில் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் சட்ட ஆலோசகர்களுள் ஒருவர் நம் சேலம் சி. விஜயராகவாச்சாரியார் என்பது இம்மாவட்டத்தார் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி. பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய், பங்குகள் 40,000. கப்பல் ஓட்டுவதோடு, கப்பல் கட்டவும் இந்தியருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதும் சங்கத்தின் நோக்கம். முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்தனர். வெள்ளையர் நெருக்குதலால் கொடுத்தவர் பின்வாங்கினார். பிறகே ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களை ஐரோப்பாவில் வாங்கினர். சங்கம் வீழ்ந்தது அடக்குமுறையாலும் கட்டணப் போட்டியாலுமே, கட்டுந்தளம் இல்லாமையாலன்று என்று அறிஞர் மறுக்கக்கூடும். மறுப்பில் நியாயம் உண்டு. 1908-இல் சிறைக்கதவு மூடியபோது எந்தத் தளமும் சிதம்பரனாரைக் காத்திராது. ஆனால் முதல் அடி வாடகைக் கப்பலின் மேல்தான் விழுந்தது. பிறர் கட்டிய கலத்தை நம்பியவனைப் பிறர் நிறுத்த முடிகிறது. ஈழத்து வல்வெட்டித்துறை மக்களோ தம் ஊரிலேயே, தம் மரத்தில், தம் மேஸ்திரிமாரைக் கொண்டு கலம் கட்டினர். அவர்களின் ‘அன்னபூரணி’ 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

விடுதலைக்குப் பின் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா நிறுவனம் விசாகப்பட்டினத்தில் கட்டிய ‘ஜலஉஷா’வை 1948-இல் நேரு நீரில் இறக்கினார். கொச்சியில் கட்டிய ‘விக்ராந்த்’ விமானந்தாங்கி 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. அதற்கான சிறப்பு எஃகை வெளிநாட்டிலிருந்து பெற முடியாமல் தவித்தபோது, ஐதராபாத் உலோக ஆய்வகம் கலவையை உருவாக்கிற்று. பிலாய், பொக்காரோ, ரூர்கேலா ஆலைகள் உருக்கித் தந்தன. இவற்றுள் ஒன்றுகூடக் கடல் அலையைக் கண்ட ஊரன்று. அந்த ஆலைகளை நடத்தும் ‘செயில்’ நிறுவனத்தின் உறுப்பே கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் இரும்பாலை.

ஆகவே நம் இளைஞர் இத்தொழிலைக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு உரியது என்று ஒதுக்கலாகாது. ஒரு கப்பல் தளத்தில் பெரும்பகுதி வேலை தகடு வெட்டுதல், வளைத்தல், வெல்டிங், குழாய் பொருத்துதல், மின்கம்பி இழுத்தல், சாயம் பூசுதல். இவற்றுக்கு அடிப்படையைச் சேலம் அரசு ஐ.டி.ஐ.யிலேயே பயிலலாம். மேற்படிப்பு விரும்புவோருக்குச் சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெற்றோர் பிள்ளைகளைத் துணிந்து அனுப்ப வேண்டும். இம்மலரை வெளியிடும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: விழாச் செலவில் மிச்சமாகும் தொகையைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு மாணவனுக்கேனும் கப்பல் தொழிற்பயிற்சிக்கு உதவித்தொகை வழங்குக, ‘கப்பல் சாத்திரம்’ படியொன்றை வாங்கி ஊர் நூலகத்தில் சேர்ப்பிக்க.