பால்மரமும் கருமணலும் பல்லும்



தோட்டத்து வாழ்வில் நாம் பல்லைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பல் வலித்தால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு பெரட்டுக்குப் போனோம். வலி பொறுக்க முடியாமற் போனபோது தோட்டத்து மருத்துவமனையில் வாயைத் திறந்து காட்டினோம். பல் போயிற்று, வலியும் போயிற்று. போன பல்லின் இடத்தில் வேறு பல் வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே நம்மில் பலருக்கு வந்ததில்லை.

இன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பல் மருத்துவ நிலையங்களின் வாசலில் 'இம்ப்ளாண்ட்' என்ற சொல்லைப் பார்க்கிறோம். தாடை எலும்புக்குள் சிறு உலோகத் திருகாணி ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பூட்டும் முறை அது. தனியார் நிலையத்தில் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகும். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுவது இயற்கை. இந்தத் திருகாணி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

பொய்ப்பல்லின் கதையில் நம் பால்மரத்துக்கும் ஓர் இடம் உண்டு. பழங்காலத்தில் பொய்ப்பல்லைத் தந்தத்திலோ தங்கத்திலோ செய்தார்கள். அது செல்வந்தர் பொருள். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். கந்தகத்தைக் கூட்டினால் ரப்பர் கட்டைபோல் இறுகிவிடும். அந்த இறுகிய ரப்பரில் வாயின் அச்சுக்கு ஏற்பத் தகடு வார்த்துப் பல்லைப் பதித்தார்கள். சாதாரண மக்களுக்கும் பொய்ப்பல் எட்டியது. காப்புரிமை வைத்திருந்த கம்பெனியோ, பணம் கட்டாத பல் மருத்துவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தவண்ணம் இருந்தது. 1879-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் அக்கம்பெனியின் பொருளாளர் பேக்கனைச் சுட்டே கொன்றுவிட்டார். பல்லுக்காக ஓர் உயிர்!

முதல் உலகப்போர்க் காலத்துக்குள் உலகச் சந்தையில் காட்டு ரப்பரைத் தோட்ட ரப்பர் முந்திவிட்டது. அதில் மலாயாவின் பங்கு பெரிது. நம் பாட்டன்மார் விடியலில் வெட்டிய பால், எந்த நாட்டில் யார் வாயில் போய்ப் பல்தகடு ஆயிற்றோ! 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. ரப்பர்த் தகடு மறைந்தது.

தகடு எதுவானாலும் ஒரு குறை தீரவில்லை. பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேயும். ஈறின்மேல் உட்கார்ந்திருக்கும் தகடு அதனால் தளர்ந்துவிடும். "பல்செட்டு ஆடுதடா" என்று பாட்டி சொன்னால், குறை பல்செட்டில் இல்லை; கீழே எலும்பு கரைந்திருக்கிறது.

இனிக் கருமணலுக்கு வருவோம். சுங்கை பீசி, அம்பாங், பூச்சோங் பக்கத்து ஈய லம்பங்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈயத்தைப் பிரித்த பிறகு 'அமாங்' என்ற கரிய மணல் மிஞ்சும். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கருமணல் உண்டு. இரண்டிலும் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. அதில் அடங்கியிருக்கும் உலோகமே டைட்டானியம். இத்தாதுவில் பெரும்பகுதி வெள்ளை வர்ணம் செய்யத்தான் போகிறது. பல்லுக்குப் போவது துளியளவு.

1952-இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தை அறிய முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் அது வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது! உடல் அந்நியப் பொருளைத் தள்ளிவிடும் என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். 1965-இல் கோஸ்டா லார்சன் என்ற மனிதர் முதல் நோயாளியாக முன்வந்தார். பிறவியிலேயே தாடையில் குறையுள்ளவர். அவர் தாடையில் பதித்த திருகாணிகள் 2006-இல் அவர் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தன. ஆனாலும் பல் மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. பிரோனமார்க் பல் மருத்துவர் அல்லரே! 1982-இல் கனடாவின் டொரண்டோ நகர மாநாட்டுக்குப் பிறகுதான் இம்முறை உலகெங்கும் பரவியது.

பிரோனமார்க் வகுத்த முறையில் நாம் கவனிக்க வேண்டியது அவருடைய பொறுமையை. திருகாணியைப் பதித்து, ஈறால் மூடி, கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருந்தே பல் பூட்டினார். இன்று சிலருக்கு விரைவாகவே பூட்டுகிறார்கள். அது எலும்பின் உறுதியைப் பொறுத்தது. திருகாணியைப் பிடித்துக்கொள்வது நம் எலும்புதான். எலும்பு போதுமா, கீழ்த்தாடை நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை எக்ஸ்ரே படம் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. படம் எடுக்காமல் விலை பேசுபவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது. எலும்பும் சரியாகப் பற்றாது. சிகரெட்டும் அவ்வாறே கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிடும் தாய்மார்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில மருந்துகள் தாடைப் புண்ணை ஆறவிடுவதில்லை. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் இந்நாட்டில் இந்தியரிடையே அதிகம். ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ இருந்தால், வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை என்றால், முதலில் அதைக் காட்ட வேண்டும். பல் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் காட்டுவது? பினாங்கில் பள்ளிப் பல் தாதியர் பயிற்சி 1949-இல் தொடங்கியது. இந்நாட்டிலேயே பல் மருத்துவர்களை உருவாக்கும் முதல் புலம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972-இல்தான் தோன்றியது. மருத்துவர் அரிதாக இருந்த காலத்தில், கைப்பழக்கத்தால் பல் கட்டியவரிடம் போனதை நாம் குறை சொல்ல மாட்டோம். இன்று அந்த நிலை இல்லை. ஆயினும் வீட்டிலும் அழகு நிலையத்திலும் மலிவாகப் பல் கட்டும் போலிகள் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதிவு பெறாத இடத்தில் சிகிச்சை நடத்தினால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆனால் அந்த அபராதம் கெட்டுப்போன தாடைக்காரர் கைக்கு வராது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்தவரா, இந்த ஆண்டின் தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருகாணிப் பல் சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகினால் எலும்பு கரைந்து அதுவும் ஆடும். ஆகவே பணம் கட்டுமுன், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், பிறகு எத்தனை முறை வந்து சுத்தம் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு எவ்வளவு, எலும்பு பற்றாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு தாங்காது என்றால் கழற்றி மாட்டும் பல்செட்டு இன்றும் உண்டு. அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்தில் குறைந்த கட்டணத்தில் செய்து தருகிறார்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.