தொண்டை மண்டலம் கைமாறிய கதை

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் திருப்புறம்பியம் பள்ளிப்படை நினைவிருக்கும். நம் சிறுசேரி உள்ளிட்ட தொண்டை மண்டலத்தின் தலைவிதி, கும்பகோணம் அருகேயுள்ள அந்த ஊரில்தான் மாறத் தொடங்கியது.

சுமார் கி.பி. 880. ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். எதிர்ப்பக்கம் காஞ்சிப் பல்லவன் அபராஜிதன், கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி, பல்லவருக்கு அடங்கியிருந்த சோழன் முதலாம் ஆதித்தன். பிருதிவிபதி களத்திலேயே உயிர்விட்டான். ஆனாலும் கூட்டணி வென்றது, பாண்டியர் பலம் ஒடிந்தது.

அந்த வெற்றியால் அதிகம் வளர்ந்தவன் ஆதித்தன். சில ஆண்டுகளில் அவனே அபராஜிதன்மேல் படையெடுத்தான். யானைமேல் இருந்த பல்லவன்மீது பாய்ந்து அவனைக் கொன்றான் என்கிறது கன்னியாகுமரிக் கல்வெட்டு. மாமல்லபுரத்துச் சிற்பங்களைத் தந்த வம்சத்தின் ஆட்சி முடிந்து, தொண்டை மண்டலம் சோழர் வசமானது.

பழைய கிரேக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது. கி.மு. 431 முதல் 404 வரை நடந்த போரில் ஏதென்ஸ் அணியை ஸ்பார்ட்டா அணி வீழ்த்தியது. அப்போது ஸ்பார்ட்டாவின் பக்கம் நின்ற தீப்ஸ் நகரமே, கி.மு. 371இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்தது. பொது எதிரி வீழ்ந்ததும், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி கூட்டாளிகளுக்குள் எழுந்துவிடுகிறது.

அடுத்த முறை கும்பகோணம் போகும்போது, திருப்புறம்பியம் சாட்சிநாதர் கோயிலுக்கும் குழந்தைகளோடு போய் வாருங்கள்.