கெர்ன்ஸி தீவும் 25 வார்த்தைகளும்

மார்ச் குளோசிங் முடிந்த பத்து நாளைக்கு எனக்கு கனமான புத்தகம் எதுவும் ஓடாது. சின்னதாக ஒரு கடலோர ஊர், பரணில் ஒரு பழைய கடிதக்கட்டு, அன்றைய கதையும் இன்றைய கதையும் மாறி மாறி வரும் ஆங்கில நாவல், அவ்வளவுதான் வேண்டும். அன்றைக்கு என்ன துக்கம் நடந்திருந்தாலும், பின்னால் வருகிற யாரோ ஒருவர் அதைக் கண்டெடுத்து கணக்கை டேலி செய்துவிடுவார் என்ற தைரியம் இருக்கிறதே, அதில்தான் சுகம். கடலே இல்லாத நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பதை வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

இந்த வருஷம் மறுபடி எடுத்தது 'தி கெர்ன்ஸி லிட்டரரி அண்ட் பொட்டேட்டோ பீல் பை சொசைட்டி'. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.) மேரி ஆன் ஷாஃபர் எழுதி, உடம்பு முடியாமல் போக, உறவுக்காரரான ஆனி பாரோஸ் முடித்துக்கொடுத்து 2008ல் வந்தது. முழுக்கக் கடிதங்கள். கதை நடப்பது 1946ல், அதற்குள் திறப்பது 1940 முதல் 1945 வரையிலான ஜெர்மன் ஆக்கிரமிப்பு. படித்து முடித்ததும் நிஜத்தில் என்ன நடந்தது என்று தேட ஆரம்பித்தேன். சுகம் கொஞ்சம் போய்விட்டது.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும், அதன் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தீவுகளைக் காப்பது வீண் என்று பிரிட்டன் படையை விலக்கிக்கொண்டது. கெர்ன்ஸியில் அப்போது சுமார் 42,000 பேர். சில நாட்களுக்குள் சுமார் 17,000 பேர் கப்பல் ஏறினார்கள். அதில் ஏறக்குறைய 5,000 பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாத்தியார்களோடு தனியாகப் போனவர்கள். ஜூன் 28ஆம் தேதி துறைமுகத்தில் தக்காளி ஏற்றி நின்ற லாரிகளை ராணுவ வண்டிகள் என்று நினைத்து ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. 30 பேருக்கு மேல் செத்தார்கள். 30ஆம் தேதி ஜெர்மானியர்கள் வந்து இறங்கினார்கள்.

அப்புறம் தீவில் மார்க் நோட்டு புழங்கியது. வங்கிக்காரன் புத்தி, அந்த மாற்று விகிதத்தைத் தேடிக்கொண்டே ஒரு ராத்திரி போய்விட்டது, அதை விடுங்கள்.

விஷயம் தபால். இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைக்கு செஞ்சிலுவைச் சங்கம் வழியாக மட்டும் எழுதலாம். 25 வார்த்தைக்கு மேல் கூடாது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஐந்து வயதில் போன குழந்தை, 1945 மே 9ஆம் தேதி விடுதலை வந்தபின் பத்து வயதில் திரும்பியது. பெற்றோரை அடையாளம் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். பலர் வளர்ந்தது ஸ்டாக்போர்ட், பரி மாதிரியான வட இங்கிலாந்து மில் ஊர்களில், பேச்சும் அந்த ஊர் ஆங்கிலம்.

தீவுக்கென்று ஒரு மொழி உண்டு, ஜெர்னேஸியே. நார்மன் பிரெஞ்சு வகை. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்ததுதான், ஆனால் இந்த ஐந்து வருஷம் பெரிய அடி. 2001 கணக்கெடுப்பில் சரளமாகப் பேசியவர்கள் 1,327 பேர், அதில் 934 பேர் 64 வயதைத் தாண்டியவர்கள். நாவலில் எல்லாரும் அழகான ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு காலமும் சேர்ந்துவிடுகிறது, மொழி மட்டும் கணக்கிலேயே இல்லை.

என் மகள் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் ஆச்சியோடு போனில் பேசுவாள். போன வாரம் எண்ணிப் பார்த்தேன். 22 வார்த்தை, அதில் ஏழு இந்தி. "பிள்ள என்ன சொல்லுதா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

மே லீவுக்கு முழுசாக ஒரு மாசம் திருநெல்வேலியில் விட டிக்கெட் போட்டிருக்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட் 43.