பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று பட்டறையில் நிற்கிறது. புகை மிகுந்துவிட்டது, ஆயில் குறைந்துகொண்டே போகிறது, மேட்டில் இழுவை இல்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "எஞ்சினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும் சார். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்ற எண்பதாயிரம் ஆகும்" என்கிறார். காரை இருக்கிறபடியே விற்றால் கிடைக்கக்கூடியதோ எழுபதாயிரம்தான்.

இந்தக் கார் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

"வண்டியின் விலையைவிட ரிப்பேர்ச் செலவு கூடுதலானால் தள்ளிவிட வேண்டியதுதான்" என்பார் ஒருவர். "போன வருடந்தானே கிளச்சுக்கு இருபதாயிரம் போட்டோம்; அது வீணாகலாமா?" என்பார் மற்றொருவர். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. ஆனால் இரண்டுமே நம்மைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லக்கூடியவை. இந்த எளிய கேள்விக்குச் சரியான விடை காணும் முயற்சியில் ஒரு வன அதிகாரியும், ஒரு புள்ளியியல் அறிஞரும், ஒரு கணித மேதையும், ஒரு பஸ் கம்பெனியின் பராமரிப்பு மேற்பார்வையாளரும் பங்கு கொண்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

மரம் கற்பித்த பாடம்

கார் பிறப்பதற்கு முன்பே இக்கேள்வி பிறந்துவிட்டது. 1849-ஆம் ஆண்டில் மார்ட்டின் பாஸ்ட்மன் என்ற ஜெர்மானிய வன அதிகாரி, காட்டில் வளரும் மரத்தை எந்த வயதில் வெட்டுவது இலாபகரமானது என்று ஆராய்ந்தார். மரம் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆயினும் வயதாக ஆக அதன் வளர்ச்சி வேகம் குறைகிறது. அதே சமயம் அது நிற்கும் இடத்தில் வேறொரு இளமரம் வேகமாக வளர்ந்திருக்கலாம். ஆகவே பழைய மரத்தை மேலும் ஓராண்டு நிறுத்தி வைப்பதால் வரும் வருவாயை, அடுத்த மரத்தைத் தாமதப்படுத்துவதால் வரும் இழப்புடன் ஒப்பிட வேண்டும் என்று பாஸ்ட்மன் காட்டினார்.

இதன் உட்பொருள் ஆழமானது. 'பழையது இன்னும் பயன்படுகிறதா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'அதன் இடத்திற்கு வரப்போவது எது? அதற்கு என்ன செலவு?' என்றும் கேட்டாக வேண்டும்.

போர்டும் ஸ்லோனும்

1908-இல் ஹென்றி போர்டு தமது 'டி மாடல்' காரை வெளியிட்டார். தொடக்கத்தில் சுமார் 850 டாலருக்கு விற்ற அந்தக் கார், 1925-இல் அதன் மலிவான வகையில் 260 டாலருக்கே கிடைத்தது. 1927-இல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கார்கள் தயாராகியிருந்தன. ஒரே மாதிரியான கார் ஆகையால் உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைத்தன. விவசாயிகள் பலர் தாங்களே பழுது பார்த்துக்கொண்டார்கள்.

1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன் வேறு வழியைக் கையாண்டார். ஆண்டுதோறும் காரின் தோற்றத்தையும் வசதிகளையும் மாற்றினார். அதே நிறுவனம் 1919-லேயே தவணை முறையில் கார் வாங்கக் கடன் வழங்கும் துணை நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரும் 'பழையது' ஆயிற்று. ஒரு கார் இரு வகையில் மூப்படைகிறது என்பதை இங்கே கவனியுங்கள். ஒன்று, அதன் உறுப்புகள் தேய்வதால் வரும் மூப்பு. மற்றொன்று, சந்தையில் புதியது வருவதால் வரும் மூப்பு. எஞ்சினைச் சீர் செய்தால் முதல் மூப்பு ஓரளவு விலகும். இரண்டாவது மூப்புக்கு எந்தப் பட்டறையிலும் மருந்து கிடையாது.

எதிர்காலமே விலை

1925-இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்க அறிஞர் தேய்மானம் பற்றிய கணிதக் கொள்கை ஒன்றை வெளியிட்டார். கணக்கர்கள் அதுவரை பெரும்பாலும் வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று கழித்து வந்தார்கள். ஹோட்டலிங் முன்னோக்கிப் பார்த்தார். ஓர் இயந்திரத்தின் இன்றைய மதிப்பு என்பது, அது இனிமேல் தரப்போகும் பயனிலிருந்து இனிமேல் ஆகப்போகும் செலவைக் கழித்து, வட்டியையும் கணக்கிட்டுக் காண்பது என்றார்.

இக்கருத்தை ஏற்றால், சென்ற ஆண்டு கிளச்சுக்குப் போட்ட பணம் கணக்கில் வராது. அந்தப் பணம் போய்விட்டது. காரை வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பாது. புதிய கிளச் இருப்பதால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தச் செலவு வராது என்ற நன்மை மட்டுமே கணக்கில் சேரும்.

1949-இல் ஜார்ஜ் டெர்போ என்பவர் தொழிற்சாலை இயந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில் இதைப் போட்டியாகவே காட்டினார். இருக்கும் இயந்திரம் 'தற்காப்பாளர்'. வரத் துடிக்கும் புதிய இயந்திரம் 'சவால் விடுபவர்'. இருவருக்கும் ஆண்டொன்றுக்கு ஆகும் செலவை ஒப்பிட்டு வெற்றியாளரை முடிவு செய்ய வேண்டும்.

நம் காருக்கு ஒரு கணக்கு

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எளிமைக்காக வட்டியையும் பெட்ரோல் செலவையும் விட்டுவிடுவோம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

பழைய காரை விற்காமல் வைத்துக்கொள்வதால், கைக்கு வந்திருக்கக்கூடிய 70,000 ரூபாயை இழக்கிறோம். எஞ்சின் வேலைக்கு 80,000. வழக்கமான பராமரிப்பு ஆண்டுக்கு 30,000. சீர் செய்தபின் நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு 30,000-க்கு விற்கிறோம். மொத்தச் செலவு 70,000 + 80,000 + 1,20,000 - 30,000 = 2,40,000. ஆண்டுக்கு 60,000 ரூபாய்.

புதிய காரின் விலை 6,00,000. எட்டு ஆண்டுகள் வைத்திருந்து 1,20,000-க்கு விற்கிறோம். பராமரிப்பும் கூடுதல் இன்ஷூரன்சும் ஆண்டுக்கு 20,000. மொத்தச் செலவு 6,00,000 + 1,60,000 - 1,20,000 = 6,40,000. ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

எண்பதாயிரம் ரூபாய் ரிப்பேர், எழுபதாயிரம் ரூபாய்க் காருக்கு இலாபமாகவே முடிந்தது! ஆனால் அவசரப்பட வேண்டாம். சீர் செய்தபின் கார் இரண்டே ஆண்டுகள்தாம் ஓடுமென்றால் கணக்கு மாறும். மொத்தம் 1,80,000; ஆண்டுக்கு 90,000. இப்போது புதியது வெல்கிறது. இக்கணக்கில் துலாக்கோல் சமநிலைக்கு வரும் இடம் ஏறக்குறைய 2.4 ஆண்டுகள். ஆகவே மெக்கானிக்கிடம் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. "இதைச் செய்தபின் எத்தனை வருடம் ஓடும்? கியர் பாக்ஸ் எப்படி? அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதே மேலும் முக்கியம். அடிச்சட்டமோ பிரேக்கோ நம்பத்தகாத நிலையில் இருந்தால் இந்தக் கணக்கே போட வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தான வண்டிக்கு ஆதாயக் கணக்கு எதற்கு?

சந்தை விலை ஏன் ஏமாற்றுகிறது?

'கார் விலையைவிட ரிப்பேர் அதிகம்' என்ற விதியின் குறை எங்கே இருக்கிறது? பழைய காரின் சந்தை விலை, அதன் பயனைச் சரியாகக் காட்டுவதில்லை. 1970-இல் ஜார்ஜ் அகர்லாப் என்ற பொருளியலறிஞர் இதற்குக் காரணம் கூறினார். விற்பவருக்குத் தம் காரின் குறைகள் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் ஏமாந்துவிடுவோமோ என்று அஞ்சி எல்லாக் கார்களுக்கும் குறைத்தே விலை கேட்கிறார். அதனால் நல்ல கார் வைத்திருப்பவர்கள் விற்கத் தயங்குகிறார்கள். சந்தையில் மோசமான கார்களே மிகுகின்றன. மூன்று ஆய்விதழ்கள் மறுத்த இக்கட்டுரை, 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு முக்கியக் காரணமாயிற்று.

நீங்களே பல ஆண்டுகள் ஒழுங்காகப் பராமரித்த கார், சந்தை சொல்வதைவிட உங்களுக்கு அதிக மதிப்புடையதாக இருக்கலாம். அதே காரணத்தால், ரிப்பேரைத் தவிர்க்க முன்பின் தெரியாத வேறொரு பழைய காரை வாங்குவதில் ஆபத்தும் இருக்கிறது.

எஞ்சினை மாற்றிய மேற்பார்வையாளர்

கார் இன்று ஓடும். நாளை என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஆண்டுதோறும் 'வைத்துக்கொள்வதா, மாற்றுவதா' என்று இரண்டு வழிகள் இருந்தால், பத்து ஆண்டுகளில் 1,024 விதமான பாதைகள் உண்டாகின்றன. இருபது ஆண்டுகளில் அவை பத்து இலட்சத்தைத் தாண்டுகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட முடியுமா? 1950-களில் ரிச்சர்டு பெல்மன் என்ற கணித மேதை ஒரு சுருக்கு வழி கண்டார். கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள் என்றார். இயந்திரங்களை மாற்றும் பிரச்சினைக்கு அவரே 1955-இல் இம்முறையைப் பயன்படுத்திக் காட்டினார்.

மனிதர்கள் உண்மையில் இப்படி முடிவெடுக்கிறார்களா? 1987-இல் ஜான் ரஸ்ட் என்ற பொருளியலறிஞர் இதைச் சோதித்து வெளியிட்டார். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகர பஸ் கம்பெனியில் ஹெரால்டு சர்ச்சர் என்பவர் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தார். எந்தப் பஸ்ஸின் எஞ்சினை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்தவர் அவரே. சுமார் பத்து ஆண்டுகளுக்கு மாதவாரியாகக் கிடைத்த மைல் கணக்கை ரஸ்ட் ஆராய்ந்தார். வழியில் எஞ்சின் நின்று பயணிகள் தவிக்கும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், சர்ச்சரின் முடிவுகள் பெல்மனின் கணக்கோடு பெரிதும் ஒத்துப்போயின. அத்துடன், மைல் கணக்கு ஒன்றால் மட்டும் எல்லா முடிவுகளையும் விளக்க முடியாது என்பதையும் ரஸ்ட் ஏற்றுக்கொண்டார். ஏட்டில் ஏறாத சில செய்திகள் மேற்பார்வையாளருக்குத் தெரியும் என்று தம் கணக்கிலேயே இடம் விட்டிருந்தார். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் நம்மூர் மெக்கானிக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இடத்துக்கு இடம் விடை மாறும்

ஒரே கார், ஒரே கோளாறு. ஆயினும் விடை நாட்டுக்கு நாடு மாறும். கியூபாவில் 1959-இல் நடந்த புரட்சிக்குப் பின், அமெரிக்கா 1962-இல் முழு வணிகத் தடை விதித்தது. அமெரிக்கக் கார்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் வருவது நின்றது. சாதாரண மக்கள் புதிய கார் வாங்கவே அரசின் அனுமதி தேவைப்பட்டது. 2014-இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியபின்னும் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 'சவால் விடுபவர்' களத்திலேயே இல்லாதபோது தற்காப்பாளரே வெல்வார். அதனால்தான் 1950-களின் கார்கள் பல, ரஷ்ய டீசல் எஞ்சின்களைச் சுமந்துகொண்டு ஹவானா வீதிகளில் ஓடின.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி உருவான அம்பாசடர், 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. பல ஆண்டுகள் புதிய காருக்குப் பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருந்தது. உதிரிப் பாகங்களோ எங்கும் கிடைத்தன. பட்டறைக் கூலி குறைவு. அக்காலத்தில் எஞ்சினைப் பிரித்துச் சீர் செய்வதே அறிவுடைமையாக இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது.

ஆக, பட்டறையில் நிற்கும் உங்கள் காருக்கு விடை என்ன? போன பணத்தை மறந்துவிடுங்கள். சந்தை விலையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். இனி ஆகும் செலவை இனி ஓடும் ஆண்டுகளால் வகுத்து, மாற்றாக வரும் காரின் ஆண்டுச் செலவோடு ஒப்பிடுங்கள். அந்த ஆண்டுகளின் எண்ணிக்கை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கணக்குத் தெரிந்த நீங்களும், எஞ்சினின் குரல் தெரிந்த மெக்கானிக்கும் சேர்ந்து உட்கார்ந்து பேசித்தான் அதைக் காண வேண்டும்.