புலித்தலைக் குதிரையும் சிப்பாயின் சுமைக்கட்டையும்: மைசூர்த் துப்பாக்கிகளை எதனோடு ஒப்பிடுவது?

2015 ஏப்ரலில் இலண்டனில் போனம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், திப்பு சுல்தானின் சொந்த ஆயுதக்கூடத்தைச் சேர்ந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று ஏழு லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. அது 1793-94ஆம் ஆண்டின் வேலைப்பாடு. ஒரே குழலுக்குள் இரண்டு வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்படும். முன்னதைச் சுட்ட பிறகு பின்னதைச் சுடலாம். சுழல்துப்பாக்கி பரவலாவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 'மீண்டும் அடைக்காமல் மறுபடி சுடுவது எப்படி' என்ற கேள்விக்குக் காவிரிக்கரையில் தேடப்பட்ட விடைகளுள் அதுவும் ஒன்று. அத்தகைய பொருள்களைச் சான்றாகக் காட்டி, 'மைசூரின் துப்பாக்கித் தொழில் ஐரோப்பாவுக்கு நிகராக இருந்தது' என்று எழுதுவோர் பலர். '1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்ததே, அந்த நிகர்நிலை எங்கே போயிற்று' என்று மறுப்போரும் பலர். இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன: அரசனின் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சிப்பாயின் துப்பாக்கியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கின்றன.

அரசனின் துப்பாக்கியை முதலில் பார்ப்போம். வெள்ளிப் பதிப்பு, பொன் இழை, 'பப்ரி' எனப்படும் புலிவரிக் குறி, பட்டணத்தில் செய்யப்பட்டது என்ற பாரசீகப் பொறிப்பு, மௌலூதி ஆண்டு ஆகியன இவ்வகைத் துப்பாக்கிகளில் காணப்படுகின்றன. மௌலூதி என்பது திப்பு புகுத்திய ஆண்டுக் கணக்கு. அவருடைய நாணயங்களில் அவ்வாண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டதால், பழக்கமில்லாதவர் 1222ஐ 2221 என்று வாசித்துவிடுவார். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி முன்னோக்கிப் பாயும் உறுப்புக்குத் தமிழில் 'குதிரை' என்று பெயர், கன்னடத்திலும் 'குதுரெ'தான். திப்புவின் துப்பாக்கிகள் பலவற்றில் அந்தக் குதிரை புலியாக வார்க்கப்பட்டிருக்கிறது. (குதிரையைப் புலியாக்கிய பின்பும் வழக்கில் அது குதிரையாகவே நீடித்தது, சொற்கள் அரச ஆணைக்கு எளிதில் வளைவதில்லை.)

ஆனால் துப்பாக்கியின் உண்மையான விலை வெள்ளியில் இல்லை; பூட்டில் இருக்கிறது. குழல் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், வில் சரியான பதத்தில் துவைச்சல் பெறாவிட்டால் குதிரை தளர்ந்து விழும். கல் உரசும் எஃகு முகம் கடினமாகாவிட்டால் பொறி எழாது. விசையும் அதன் பிடிப்பும் அரத்தால் நுணுக்கி இழைக்கப்படாவிட்டால், இழுக்கும்போதே குறி தவறும். இவை யாவும் கைவினைஞன் செலவிடும் நேரம். அரசனுக்கு ஒரு பூட்டைச் செய்ய எத்தனை நாள் ஆனாலும் பொறுக்கலாம். ஒரு குழலில் இரண்டு வெடி வைக்கும் துப்பாக்கிக்கு இரட்டைப் பற்றுவாயும் இரட்டைத் தீயமைப்பும் வேண்டும். முன்வெடியின் நெருப்பு பின்வெடிக்குக் கசிந்தால் இரண்டும் ஒருசேர வெடித்துவிடும். அதைப் பழுதறச் செய்யும் கைகள் இருந்தன என்பதே அந்தப் பொருள் தரும் சான்று. அத்தகைய கைகள் எத்தனை இருந்தன என்பதை அது சொல்வதில்லை.

இனி மலிவானது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்கென வகுத்த துப்பாக்கிக்கு 'இந்தியா பாட்டர்ன்' என்று பெயர். அன்றைய பிரிட்டிஷ் காலாட்படைத் துப்பாக்கியின் குழல் 42 அங்குலம். கம்பெனியினுடையது 39 அங்குலம். பித்தளை உறுப்புகள் குறைக்கப்பட்டன, அமைப்பு எளிமையாக்கப்பட்டது, விலை இறங்கியது. 1790களில் பிரெஞ்சுப் போரால் ஆயுதம் போதாமல் தவித்த பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் கையிருப்பை வாங்கத் தொடங்கி, 1797 அளவில் அந்த மலிவு வடிவத்தையே தன் படைக்கும் வரித்துக்கொண்டது. கணக்குப் பார்க்கும் வணிகரின் துப்பாக்கி மன்னரின் படைத் துப்பாக்கியை ஓரங்கட்டியது; நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் காலாட்படையின் கையிலும் பெரும்பாலும் அதுவே இருந்தது. மலிவு என்பது இங்கே தரக்குறைவு அன்று. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தெளிவான முடிவு. குழல் மூன்று அங்குலம் குறைந்தால் போரில் யாருக்கும் தெரியாது. வில் முறிந்தால் தெரியும்.

திப்பு இதை அறியாதவர் அல்லர். ஜைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி எழுதிய 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்னும் படைக் கையேடு ஐரோப்பிய முறைக் காலாட்பயிற்சியை விரிவாக வகுக்கிறது; ஐரோப்பியக் கட்டளைச் சொற்களுக்கு மாற்றாகப் புதிய சொற்களையும் தருகிறது. பயிற்சிச் சொல்லையே தனதாக்கிக்கொள்ள முனைந்த அரசு, ஒரேமாதிரித் துப்பாக்கிகளின் தேவையை உணராமல் இருந்திருக்க முடியாது. 1788இல் பிரான்சுக்குச் சென்ற தூதுக்குழு கைவினைஞர்களை அழைத்துவந்ததும் அதற்காகவே. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பர்மிங்காமில் பூட்டு செய்பவர், குழல் செய்பவர், கட்டை செதுக்குபவர் எனத் தனித்தனிப் பட்டறைகள் பிரித்து உழைக்க, அந்த நகரமே ஒரு தொழிற்சாலையாக இயங்கியது. மைசூரின் கார்கானாக்களோ அரசின் ஆணையால் இயங்கின. அரசன் வீழ்ந்த அன்று அவற்றின் ஒரே வாடிக்கையாளரும் மறைந்தார்.

ஆகவே ஒப்பீட்டின் இணைகளை மாற்றியமைக்க வேண்டும். புலித்தலைத் துப்பாக்கியை இலண்டனின் ஜோசப் மேன்டன், வெர்சாயின் பூத்தே ஆகியோரின் படைப்புகளோடு ஒப்பிடலாம். அங்கே மைசூர் தலைகுனிய வேண்டியதில்லை. மைசூர்ச் சிப்பாயின் துப்பாக்கியை இந்தியா பாட்டர்னோடு ஒப்பிட வேண்டும். அதற்கான பொருள்கள்தாம் அரிது. கொள்ளைப் பங்கிலும் அன்பளிப்பிலும் கைமாறியவை அழகானவை; பவிஸ் கோட்டையிலும் ஏலக் கூடங்களிலும் அவற்றையே காண்கிறோம். சிப்பாயின் கட்டையைச் சுவரில் மாட்ட எவரும் விரும்பவில்லை. சீரங்கப்பட்டணத்தில் எஞ்சிய செங்கல் ஆயுதக்கிடங்குகளில் ஒன்றை, பெங்களூரு-மைசூரு இரட்டை ரயில்பாதைக்காக 2017இல் பெயர்த்து நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைத்தார்கள். கிடங்கு பிழைத்தது; அக்காலப் படைக்கலங்களில் எளியவை பிழைக்கவில்லை.

இதே குழப்பம் சுழல்துப்பாக்கியின் வரலாற்றிலும் திரும்ப வருகிறது. 1851இன் இலண்டன் பெருங்கண்காட்சியில் கோல்ட்டும் ஆடம்ஸும் எதிரெதிரே நின்றனர். கோல்ட்டின் துப்பாக்கி எந்திரத்தில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னிழுக்க வேண்டும். ஆடம்ஸினுடையது கைவேலை மிகுந்தது. விசையை இழுத்தாலே உருளை சுழன்று, குதிரை எழுந்து விழும். பியூமான்ட் செய்த திருத்தத்தால் 1856இல் இரண்டு வழியிலும் சுடக்கூடிய இரட்டை இயக்கம் பிறந்தது. இங்கும் விலை பூட்டில்தான்: ஒரே இழுப்பில் மூன்று வேலைகள் நடக்க வேண்டுமென்றால் உறுப்புகள் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் விசை கனத்து, குழல் முனை ஆடும். 1872இல் வந்த வெப்லி 'புல்டாக்'கை லியேஜ் நகரப் பட்டறைகள் மலிவாக நகலெடுத்துக் குவித்தபோது, உருவம் அப்படியே வந்தது, இழைப்பு வரவில்லை.

நம் காலத்து எடுத்துக்காட்டு கான்பூர். அங்குள்ள அரசுத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. டைட்டானியக் கலவை உலோகம், அரைக் கிலோ எடை, சுமார் ₹1,22,000 விலை. அதே ஊரின் வழக்கமான .32 ரிவால்வரும் அதே தோட்டாவைத்தான், அதே ஆறு அறைகளிலிருந்துதான் சுடுகிறது. உயர்ந்த விலையில் எவ்வளவு உலோகத்துக்கு, எவ்வளவு இழைப்புக்கு, எவ்வளவு அது வைத்துத் தரப்பட்ட நகைப்பெட்டிக்கு என்று பிரித்துப் பார்த்தவர் சிலரே.