நீல மாத்திரையும் பெரியம்மாவும்

போன மாசம் பெரியம்மாவுக்கு மருந்து வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருந்தேன். சீட்டைப் படிச்ச கடைப் பையன் என்னை ஒரு தினுசா பார்த்துட்டு, பக்கத்துல நின்னவர்கிட்ட காட்டிச் சிரிச்சான். எழுதியிருந்தது சில்டெனாஃபில். வயாகரான்னா எல்லாருக்கும் புரியும். "பெரியம்மாவுக்குங்க, மூச்சு வாங்குது"ன்னு சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடிச்சு. அவனைச் சொல்லிக் குத்தமில்லை, எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். அப்புறம் தேடிப் படிச்சதில் கிடைச்ச கதை இது.

கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பி.பி. வேற, இது வேற. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்கித் தடித்துப் போனால் அங்கே மட்டும் அழுத்தம் ஏறும். இதயத்தின் வலது பக்கம் தள்ளித் தள்ளியே களைத்துவிடும். 1980களில் அமெரிக்காவில் காரணம் தெரியாமல் இந்த நோய் வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். நோய் தெரிந்தபின் பாதிப்பேர் 2.8 வருஷத்தைத் தாண்டவில்லை.

1995ல் அங்கே எப்போப்ரோஸ்டெனால் அனுமதி பெற்றது. நல்ல மருந்துதான், ஆனா ரத்தத்தில் சில நிமிஷம்தான் தங்கும். அதனால நெஞ்சில் பொருத்தின குழாய் வழியா ஒரு சின்ன பம்ப் ராத்திரி பகலா செலுத்திக்கிட்டே இருக்கணும். எங்க சர்வர் நின்னா மேனேஜர் திட்டுவார். இது நின்னா உயிருக்கே ஆபத்து.

அதே காலத்தில் இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில் (நிஜமாவே ஊர் பேருதாங்க!) ஃபைசர் கம்பெனி நெஞ்சுவலிக்கு ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. நெஞ்சுவலிக்குச் சரிப்படலை. ஆனா ஆண்களிடம் 'அந்த' பக்கவிளைவு! எங்க பாஷையில் சொன்னா, பக்கையே ஃபீச்சர் ஆக்கிட்டாங்க. 1998ல் வயாகரா வந்தது.

கதை அங்கே முடியலை. ரத்தக் குழாயைத் தளர்த்தும் ரசாயனத்தை அழிக்கிற ஒரு நொதியை இந்த மாத்திரை தடுக்கும். அதே நொதி நுரையீரல் குழாய்களிலும் உண்டு. 278 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தார்கள். தினம் மூணு வேளை 20 மி.கி. சாப்பிட்டவர்கள், வெத்து மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 6 நிமிஷ நடையில் சுமார் 45 மீட்டர் முன்னேறினார்கள். 2005ல் ரெவாஷியோ என்ற பேரில், வெள்ளை மாத்திரையாக, இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது.

45 மீட்டர் ஒரு பெரிய விஷயமான்னு கேட்காதீங்க. பெரியம்மாவுக்கு அது வாசல்லேர்ந்து தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும். நோய் போகாது, நடை கொஞ்சம் நீளும்.

என் கவலை வேற. பேரைக் கேள்விப்பட்டதிலிருந்து பெரியம்மா கூச்சத்தில் மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறாங்க. வேற டாக்டர்கிட்ட போனா சொல்றதும் இல்லை. நெஞ்சுவலிக்குன்னு அவர் நைட்ரேட் மாத்திரை கொடுத்துட்டா, ரெண்டும் சேர்ந்து பி.பி.யை ஆபத்தான அளவுக்கு இறக்கிடும். அதனால பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கேன்.

அடுத்த தடவை அந்தக் கடைக்கே போய், பையன்கிட்டயும் இந்தக் கதையைச் சொல்லணும். அப்புறம் சிரிக்கட்டும், பார்க்கலாம்.